லினக்ஸ் டிரைவருக்குக் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்: பழைய சேர்வர் வாங்கிப் பட்ட பாடு

பழைய சேர்வர் ஒன்றை உங்களுக்கு விற்றுவிட்டு, "லினக்ஸ் ஏறவில்லை, டிரைவர் தனியாக வாங்கவேண்டும்" என்று யாராவது காசு கேட்டால் கொடுக்காதீர்கள். லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய, இலவசமாகவும் கிடைக்கும் இயங்குதளம். டிரைவர் என்பது அதற்கும் கார்ட், டிஸ்க் போன்ற பாகங்களுக்கும் இடையே பேசும் சிறு மென்பொருள். நாங்கள் 35,000 ரூபா கொடுத்தோம். அந்தக் காசுக்கு என்ன கிடைத்தது, பெட்டிக்குள் உண்மையில் என்ன இருந்தது என்பதை மறைக்காமல் எழுதுகிறேன். கடையின் பெயரை எழுதவில்லை. முறைப்பாடு கொடுத்திருக்கிறோம், அது அதன் வழியில் போகட்டும்.

திருகோணமலை நகரில் ஒரு சிறிய மருத்துவ ஆய்வுகூடத்தின் கணினிகளை நான் பார்த்துக்கொள்கிறேன். இரத்தப் பரிசோதனை முடிவுகளை அச்சடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த பழைய கணினி 2024 கடைசியில் அடிக்கடி நிற்கத் தொடங்கியது. புது மென்பொருள் போடுவதென்று முடிவானது. அதைத் தருபவர்கள் ரெட் ஹெட் 9 குடும்பத்து லினக்ஸ் ஒன்று, அதாவது ரெட் ஹெட் நிறுவனத்தின் 9ஆம் பதிப்போ அதை ஒட்டி வருவதோ, வேண்டும் என்றார்கள். அப்படி ஒட்டி வரும் ரொக்கி, அல்மா இரண்டில் எதுவும் சரி. புது சேர்வர் வாங்க வசதியில்லை. அதனால் 2025 ஜனவரியில் பாவித்த ஒன்றைத் தேடினோம்.

கடைக்காரர் வட்ஸ்அப்பில் அனுப்பிய கொட்டேஷன் இன்னும் என் போனில் இருக்கிறது. டெல் ஆர்710, 64 ஜிபி ரம், 600 ஜிபி டிஸ்க் நான்கு, பேர்க் எச்700 ரெய்ட் கார்ட் (டிஸ்க்குகளை ஒன்றாகச் சேர்த்து நடத்தும் கார்ட்), 2016 மொடல், ஆறு மாத வாரன்டி, "எல்லா லினக்ஸும் ஓடும்". விலை 185,000 ரூபா. சாமான் வந்த அன்று தந்த பற்றுச்சீட்டில் இருந்ததோ ஒரே வரி: டெல் சேர்வர், 1. அந்த ஒரு வரியை வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போட்டதுதான் நாங்கள் செய்த முதல் பிழை.

சனிக்கிழமை பின்னேரம் ஆய்வுகூடம் பூட்டிய பிறகு ரொக்கி லினக்ஸ் 9ஐ ஏற்றத் தொடங்கினேன். மொழி, விசைப்பலகை, நேரம் எல்லாம் போட்டாயிற்று. எந்த டிஸ்க்கில் ஏற்றுவது என்று கேட்கும் திரைக்கு வந்தால், அங்கே ஒரு டிஸ்க்கும் இல்லை. பெட்டியின் முகப்பைக் குனிந்து பார்த்தேன். நான்கு டிஸ்க்கிலும் பச்சை லைட் நின்று எரிகிறது. கையை வைத்தால் சூடும் தெரிகிறது, சுழலும் சத்தமும் கேட்கிறது. திரை மட்டும் டிஸ்க் இல்லை என்கிறது. பென் டிரைவை மாற்றினேன், திரும்ப டவுன்லோட் செய்தேன். இரவு பத்து மணிக்கும் அதே திரைதான்.

திங்கள் காலை கடைக்குப் போன் எடுத்தேன்.

"அண்ணை, இதுக்கு லினக்ஸ் டிரைவர் தனியா வாங்கவேணும். விண்டோஸ் எண்டால் சும்மா ஏறும். லினக்ஸுக்கு லைசன்ஸ் காசு முப்பத்தையாயிரம். கொழும்பில இருந்து எங்கட எஞ்சினியர் போட்டுத் தருவார்."

எல்லா லினக்ஸும் ஓடும் என்றுதானே எழுதினீர்கள் என்று கேட்டேன். "ஓடும் அண்ணை, டிரைவர் போட்டால் ஓடும்" என்றார். கார்ட்டில் பிழையோ என்று கேட்டதற்கு வேறொரு கதை வந்தது: "திருகோணமலை உப்புக்காத்துக்கு கார்ட் கறள் பிடிச்சிருக்கும், அதுக்கு வாரன்டி இல்லை." பெட்டி எங்களிடம் வந்து நான்கு நாள்கூட ஆகவில்லை. கடற்காற்று இங்கே இரும்பைத் தின்பது உண்மைதான். உவர்மலையில் என் வீட்டு ஜன்னல் கம்பியே அதற்குச் சாட்சி. ஆனால் நான்கு நாளில் எந்தக் கார்ட்டும் கறள் பிடிக்காது.

ஆய்வுகூடத்தை நடத்தும் டொக்டர் காசைக் கொடுத்துவிடலாம் என்றார். அவரைக் குறை சொல்லமாட்டேன். அந்த வாரம் முழுக்க முடிவுகளைக் கையால் எழுதித்தான் கொடுத்தோம். மாதிரிகளைப் பார்க்கும் தங்கச்சி, சீனி அளவு, கொலஸ்ட்ரோல் என்று ஒவ்வொரு எண்ணாகக் கொப்பியில் எழுதி, பிறகு அதைப் பார்த்து இன்னொரு தாளில் எழுதி, எண் மாறிவிடக்கூடாதென்று மூன்றாம் முறையும் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். மூதூரிலிருந்து கிண்ணியாப் பாலம் தாண்டி பஸ்ஸில் வந்த ஐயா ஒருவர் காலையில் இரத்தம் கொடுத்துவிட்டு மூன்று மணிவரை வாங்கில் இருந்தார். எனக்கு இந்தக் கடை மேல் வந்த கோபம் காசுக்காக வந்த கோபம் மட்டும் இல்லை.

சரி, காசு போனது. எஞ்சினியர் என்று சொல்லப்பட்டவர் இணையம் வழியாகவும் போனிலும் இரண்டு மணித்தியாலம் வேலை செய்தார். அவர் சொன்ன இமேஜை (லினக்ஸ் ஏற்றுவதற்கான கோப்பை) பென் டிரைவில் போட்டு பூட் செய்தேன், டிஸ்க்குகள் தெரிந்தன, லினக்ஸ் ஏறியது. "டிரைவர் போட்டாச்சு" என்றார். அவர் வைத்துவிட்டுப் போன பிறகு கேர்னல், அதாவது லினக்ஸின் மையப் பகுதி, என்ன பதிப்பு என்று தட்டிப் பார்த்தேன். 3.10 என்று வந்தது. ரெட் ஹெட் 9 குடும்பத்தின் கேர்னல் 5.14. அவர் ஏற்றிவிட்டுப் போனது சென்ட்ஓஎஸ் 7, அதே குடும்பத்தின் பழைய பதிப்பு. அதற்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2024 ஜூன் 30ஆம் திகதியோடு நின்றுபோயின. நோயாளிகளின் பெயரும் நோயும் இருக்கப்போகும் பெட்டியில், ஆறு மாதத்துக்கு முன்பே கைவிடப்பட்ட ஒன்றைப் போட்டுவிட்டு, அதற்கு லைசன்ஸ் காசு என்று வாங்கியிருக்கிறார்கள். சென்ட்ஓஎஸ் 7 யாரும் இலவசமாக இறக்கிக்கொள்ளக்கூடியது. எங்கள் மென்பொருளும் அதில் ஓடாது.

அப்போதுதான் நான் முதல் நாளே செய்திருக்கவேண்டியதைச் செய்தேன். மூடியில் ஒட்டியிருந்த வாரன்டி ஸ்டிக்கரை உடைத்தால் வாரன்டி போய்விடும் என்று கடையில் சொன்னதால் திறக்காமல் இருந்தேன். ஆனால் உள்ளே என்ன கார்ட் என்று பார்க்க மூடியைத் திறக்கவே தேவையில்லை. ரொக்கி இன்ஸ்டோலரைத் திரும்பப் போட்டு, அதன் கறுப்புத் திரைக்குப் போய், எல்எஸ்பிசிஐ (lspci) என்ற கட்டளையை அடித்தேன். அதோடு இரண்டு 'என்' சேர்த்தால் ஒவ்வொரு கார்ட்டின் அடையாள எண்ணும் வரும். எனக்கு வந்த எண் 1000:0072. எச்700 கார்ட்டின் எண் 1000:0079. கடைசி இலக்கம் ஒன்றுதான் வித்தியாசம், ஆனால் சாமான் வேறு. 0072 என்பது எஸ்ஏஎஸ்2008 என்ற சிப். ஆர்710 காலத்துப் பெட்டிகளில் அது பேர்க் எச்200 என்ற மலிவான கார்ட்டில் வரும்.

பெட்டியை அணைத்துப் போட்டுத் திரையைக் கவனித்தேன். எச்700 என்றால் பூட் ஆகும்போது கன்ட்ரோலும் ஆரும் அழுத்தச் சொல்லும். இது கன்ட்ரோலும் சியும் அழுத்தச் சொன்னது. ஒவ்வொரு நாளும் அந்த வரி என் கண் முன்னால் ஓடியிருக்கிறது, நான் வாசிக்கவில்லை. கடைசியில் ஸ்டிக்கரையும் உடைத்து மூடியைத் திறந்தேன். கார்ட்டில் பட்டறி இல்லை, பட்டறிக்குப் போகும் வயரும் இல்லை, தரவைத் தற்காலிகமாக வைக்கும் கேஷ் மெமரியும் இல்லை. ஹீட் சிங்கில் தூசி திட்டாகப் படிந்திருந்தது. ஓரத்தில் இருந்த லேபிளை யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள், பாதிதான் உரிந்திருந்தது. மிச்சத்தில் 200 என்ற எண் தெளிவாக நின்றது.

இது சின்ன வித்தியாசம் இல்லை. எச்700இல் மின்சாரம் போனாலும் எழுதி முடியாத தரவைப் பட்டறி காப்பாற்றும். எச்200இல் அது இல்லை. எச்700 ரெய்ட் 5 செய்யும், எச்200 செய்யாது. ரெய்ட் 5 என்பது ஒரு டிஸ்க் அளவு இடத்தைக் காப்புக்கு ஒதுக்கி, ஒரு டிஸ்க் போனாலும் தரவைக் காக்கும் முறை. நான்கு 600 ஜிபி டிஸ்க்கை ரெய்ட் 5இல் போட்டு 1.8 டிபி எடுக்கலாம் என்றுதான் கணக்குப் போட்டிருந்தோம்.

இனி டிரைவர் கதைக்கு வருகிறேன், ஏனென்றால் ஏமாற்று நடந்ததே அந்தச் சொல்லை வைத்துத்தான். இந்தக் கார்ட்டுக்கான டிரைவர் லினக்ஸ் கேர்னலிலேயே இருக்கிறது. அதன் பெயர் எம்பிடி3எஸ்ஏஎஸ். திறந்த மூலம், யாரும் யாருக்கும் விற்கத் தேவையில்லாதது. பிறகு ஏன் டிஸ்க் தெரியவில்லை? ரெட் ஹெட் 2019இல் 8ஆம் பதிப்பை வெளியிட்டபோது, பழைய பல ஸ்டோரேஜ் கார்டுகளின் அடையாள எண்களைத் தன் டிரைவர்களின் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. டிரைவர் இருக்கும், ஆனால் இந்த எண்ணைக் கண்டால் கையில் எடுக்காது. ரெட் ஹெட்டை ஒட்டி வரும் ரொக்கியும் அப்படியே. பெட்டி பழுதில்லை, டிஸ்க் பழுதில்லை, லைசன்ஸ் என்று ஒன்று கிடையவே கிடையாது. சென்ட்ஓஎஸ் 7இல் டிஸ்க் தெரிந்ததற்குக் காரணம், அது அந்த எண்கள் எடுக்கப்படுவதற்கு முந்தியது என்பது மட்டுமே.

உங்களுக்கும் இப்படி நின்றுவிட்டால் வழி இருக்கிறது. இஎல்ரெப்போ என்ற தன்னார்வக் குழு, எடுக்கப்பட்ட கார்டுகளுக்கான டிரைவர் டிஸ்க் இமேஜ்களை இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் பதிப்புக்குச் சரியாகப் பொருந்துவதை எடுக்கவேண்டும். 9.4க்கு உரியதை 9.5இல் போட்டால் வேலை செய்யும் என்று நம்பாதீர்கள். அதை இன்னொரு பென் டிரைவில் எழுதி, பூட் மெனுவில் டேப் அழுத்தி, வரியின் கடைசியில் inst.dd என்று சேர்த்து என்டர் அடித்தால், டிரைவரைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும். தேர்ந்தெடுத்தேன். பத்து நாளாக வெறுமையாகக் கிடந்த அதே திரையில் நான்கு டிஸ்க்கும் வரிசையாக வந்து நின்றன. செலவு பூச்சியம், நேரம் இருபது நிமிடம்.

ஆனாலும் அந்த வழியிலேயே நான் சேர்வரை விட்டுவிடவில்லை. பின்னால் கேர்னல் புதிதாகும்போது இந்த வெளி டிரைவர் ஒத்துவராமல் போனால், ஒரு நாள் காலை சேர்வர் பூட் ஆகாமல் நிற்கும். நான் ஊரில் இல்லாத நாளில் அப்படி நடந்தால் அந்தத் தங்கச்சி திரும்பக் கொப்பியை எடுக்கவேண்டும். அல்மாலினக்ஸ்காரர்கள் 2024 மே மாதம் வந்த 9.4இலிருந்து, எடுக்கப்பட்ட பழைய கார்டுகளுக்கான ஆதரவைத் தாங்களாகவே திரும்பச் சேர்த்திருக்கிறார்கள். அதனால் அல்மா 9 போட்டேன். வெளி டிரைவர் ஒன்றும் இல்லாமல் நேரே ஏறியது. குறிப்பிட்ட குடும்பம் வேண்டும் என்ற கட்டாயம் இல்லாதவர்கள் டெபியன் 12 என்ற வேறு லினக்ஸையும் பார்க்கலாம், அதில் இந்த எண் எடுக்கப்படவில்லை. ரெட் ஹெட் 10க்குப் போகலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது கேட்கும் ஏவிஎக்ஸ்2 வசதி ஆர்710இன் ப்ரொசெசர்களில் இல்லை.

டிஸ்க்குகளைப் பற்றியும் சொல்லவேண்டும். டிஸ்க் தன்னைப் பற்றித் தானே பதிந்து வைக்கும் ஸ்மார்ட் விவரத்தை எடுத்துப் பார்த்தால், "புதுசு மாதிரி" என்று தந்த நான்கில் ஒன்று 52,000 மணித்தியாலம் ஓடியிருக்கிறது. கிட்டத்தட்ட ஆறு வருடம் அணைக்காமல். அதனால் ரெய்ட் 5 ஆசையை விட்டேன். கார்ட்டை நம்பாமல் லினக்ஸே செய்யும் மென்பொருள் ரெய்ட்டில், ஒவ்வொரு தரவுக்கும் இன்னொரு டிஸ்க்கில் பிரதி இருக்கும் ரெய்ட் 10ஆகப் போட்டு, 1.2 டிபியோடு நிற்கிறோம். கிழட்டு டிஸ்க் ஒன்று போனால் மீதி மூன்றையும் மணிக்கணக்கில் வதைத்துத் திரும்பக் கட்டும் நிலைக்கு இந்தத் தரவை விட எனக்கு மனம் வரவில்லை. சேர்வரின் சேர்விஸ் டேக் என்ற ஏழு எழுத்து எண்ணை டெல்லின் இணையத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். பெட்டி 2010இல் அனுப்பப்பட்டது. 2016 மொடல் என்பதும் பொய். ஆர்710 என்ற பெயரிலேயே விடை இருக்கிறது: நடு இலக்கம் 1 என்றால் 11ஆம் தலைமுறை, 2 என்றால் 12, 3 என்றால் 13.

வாங்கப்போகிறவர்களிடம் நான் கெஞ்சிக் கேட்பது இதுதான். காசு கொடுக்கும் முன் கடையிலேயே ஒரு லினக்ஸ் பென் டிரைவைச் செருகி பூட் செய்யுங்கள், நீங்கள் போடப்போகும் அதே பதிப்பாக இருக்கட்டும். டிஸ்க் தெரிகிறதா என்று கண்ணால் பாருங்கள். எச்700 காலத்துக் கார்டுகள் எதுவானாலும் எண்ணைச் சரிபார்த்த பிறகே வாங்குங்கள். பற்றுச்சீட்டில் கார்ட்டின் பெயரும் சேர்விஸ் டேக்கும் எழுதாமல் காசை நீட்டாதீர்கள். கேட்டால் பற்றுச்சீட்டுத் தரவேண்டியது சட்டப்படி வியாபாரியின் கடமை.

கார்ட் மாறியிருக்கிறது என்று படத்தோடு அனுப்பிய பிறகு கடைக்காரர் மூன்று நாள் பதில் சொல்லவில்லை. நான்காம் நாள் "நாங்கள் இறக்கும்போதே அப்படித்தான் வந்தது, எங்களுக்கும் தெரியாது அண்ணை" என்றார். சுரண்டிய லேபிளின் படத்தை அனுப்பினேன். அடுத்த நாள் 20,000 ரூபா வங்கியில் விழுந்தது. மீதி 15,000ஐயும் எச்700 கார்ட்டையும் பற்றி இன்றுவரை பேச்சில்லை.

2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டத்தின்படி, விற்றதிலிருந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறைப்பாடு செய்யவேண்டும். கடைக்காரர் "பார்ப்பம், பார்ப்பம்" என்று நாள் கடத்தினால் அந்த மூன்று மாதம் ஓடிவிடும், கவனம். 1977 என்ற எண்ணுக்கு அழைத்து விவரம் கேட்டேன், பிறகு எழுதிக் கொடுத்தேன். கொட்டேஷன், 1000:0072 தெரியும் திரை, லேபிள், 52,000 மணித்தியாலம், எல்லாவற்றையும் அச்செடுத்து இணைத்திருக்கிறேன்.

அந்த இஎல்ரெப்போ பென் டிரைவை அழிக்காமல் ஆய்வுகூட மேசை லாச்சியில் வைத்திருக்கிறேன். ஊரில் யாருக்காவது எச்200 போட்ட பெட்டி இப்படி நின்றிருந்தால் கீழே எழுதுங்கள், கொண்டுவந்து தருகிறேன்.