ஆபீஸ் ஆட்களை நடக்க வைக்க: ஸ்டெப் போட்டியா, கோட்டை நடையா, தூரத்து டீக்கடையா?

கூட வேலை செய்பவர்களை நடக்க வைப்பதற்கு எங்கள் பக்கத்து ஆபீஸ்களில் சுற்றிச் சுற்றி நான்கு யோசனைகள்தான் வரும். போனில் ஸ்டெப் எண்ணிப் போட்டி வைப்பது, காலையில் வேலூர் கோட்டைப் பக்கம் சேர்ந்து நடப்பது, பஸ்ஸில் ஒரு ஸ்டாப் முன்னாடியே இறங்குவது, டீ குடிக்கக் கொஞ்சம் தூரத்துக் கடைக்குப் போவது. உடற்பயிற்சி என்று மட்டும் பார்த்தால் கோட்டை நடைதான் முதலிடம், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் நான் பார்க்கிற அளவுகோல் வேறு. டிராயரில் பிரஷர் மாத்திரை வைத்துக்கொண்டு காலையிலிருந்து சாயங்காலம் வரை நாற்காலியை விட்டு நகராத ஓர் அண்ணன் எல்லா ஆபீஸிலும் இருப்பாரே, அவர் எழுந்து வருவாரா மாட்டாரா என்பதுதான்.

அவரை எழுப்புவது ஏன் அவசியம் என்பதற்குப் பழைய ஆதாரமே இருக்கிறது. ஜெர்ரி மாரிஸ் என்ற பிரிட்டிஷ் டாக்டர் லண்டன் பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953-இல் எழுதினார்: நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் டிரைவர்களைவிட, மாடி பஸ்ஸில் ஏறி இறங்கி டிக்கெட் போட்ட கண்டக்டர்களுக்கு இதய நோய் குறைவு. டிரைவர்களுக்கு இடுப்பளவும் கூடுதல் என்று 1956-இல் அவரே எழுதியதால், எல்லாமே படிக்கட்டு செய்த வேலை என்று சொல்லிவிட முடியாது. இருந்தாலும், காட்பாடி-பாகாயம் பஸ்ஸில் கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய்வரும் கண்டக்டரைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஆராய்ச்சிதான் ஞாபகம் வரும். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் நாமெல்லாம் அதில் டிரைவர் கட்சி.

சரி, போட்டி. முதல் வாரம் அமர்க்களமாக இருக்கும், வாட்ஸ்அப் குரூப்பில் ஸ்கிரீன்ஷாட் பறக்கும். ஜெயிப்பது யார்? ஏற்கெனவே ஃபைலைத் தூக்கிக்கொண்டு மாடி மாடியாக அலைகிற அட்டெண்டரும், ஊர் சுற்றுகிற கலெக்‌ஷன் ஆளும்தான். நம்ம அண்ணன் பட்டியலின் அடியில் தன் பெயரைப் பார்த்ததும் குரூப்பை மியூட் செய்துவிடுவார். புடவையில் ஏது பாக்கெட், போனை மேஜையில் வைத்துவிட்டு நடக்கிற அக்காக்களின் ஸ்டெப் கணக்கிலேயே ஏறாது. இதில் பரிசு வேறு ஆற்காட்டு மக்கன் பேடாவாக இருக்கும், இதயத்துக்காகவாம். அப்புறம் நாளுக்கு 10,000 ஸ்டெப் என்கிற அந்த இலக்கு, அது 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு ஸ்டெப் எண்ணும் கருவியின் பெயரோடு பரவியது. 2019-இல் வயதான அமெரிக்கப் பெண்களிடம் செய்த ஆய்வில், நாளுக்குச் சுமார் 2,700 ஸ்டெப் நடந்தவர்களைவிட 4,400 நடந்தவர்களிடம் இறப்பு கணிசமாகக் குறைவாக இருந்தது, 7,500-க்கு மேல் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. அதாவது, முதலிடத்தில் இருப்பவர் 14,000-ஐ 16,000 ஆக்குவதைவிட நம்ம அண்ணன் 2,500-லிருந்து 4,500-க்கு வருவது பெரிய விஷயம், போட்டியோ முன்னவருக்குத்தான் கை தட்டும்.

கோட்டை நடையில் குறை சொல்ல இடமே இல்லை, நடக்க வருகிறவர்களுக்கு. அகழி ஓரமும் மைதானமும் சமதரை, காலையில் காற்றும் நன்றாக இருக்கும், கூட நடக்க ஆளும் கிடைக்கும். ஆனால் ஆபீஸில் பாதிப் பேர் குடியாத்தத்திலிருந்தும் ஆற்காட்டிலிருந்தும் வருகிறவர்கள், பெண்களுக்கு அந்த நேரம் அடுப்படியில் ஓடுகிறது. ஞாயிற்றுக்கிழமைக்கு ஓகே. ஒரு ஸ்டாப் முன்னாடி இறங்குவது காசில்லாத யோசனைதான், ஆனால் முக்கால்வாசிப் பேர் வருவதே வண்டியில், மிச்சம் பேர் நடக்க வேண்டிய நடைபாதையில் கடைச் சாமானும் பைக்கும் நிற்கிறது.

டீக்கு வருவோம். பிளாஸ்க்கில் டீ மேஜைக்கே வரும் வழக்கத்தை நிறுத்துங்கள், பக்கத்துக் கடையை விட்டுவிட்டு ஆறேழு நிமிட தூரத்தில் ஒரு கடையைப் பிடியுங்கள். போக வர 13 நிமிடம், காலை ஒன்று மாலை ஒன்று, வாரத்துக்கு 5 நாள் என்றால் 130 நிமிடம் ஆகிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பு, கிட்டத்தட்ட அங்கே வந்துவிட்டோம். ஊர்ந்து போனால் கணக்கில் சேராது, நிமிடத்துக்கு 100 ஸ்டெப் போலப் போக வேண்டும், பேச்சு வர வேண்டும், பாட்டு வரக் கூடாது. இதில் யாருக்கும் இலக்கு கிடையாது, பட்டியல் கிடையாது, ஷூ கூட வேண்டாம். "உங்க உடம்புக்கு நல்லது சார்" என்றால் சிரித்துவிட்டு உட்கார்ந்துகொள்கிற மனிதர், "டீ சாப்பிட வர்றீங்களாண்ணே, ஒரு விஷயம் சொல்லணும்" என்றால் செருப்பைத் தேடுவார். ஊர்வம்பு இழுக்கிற அளவுக்கு எந்த ஆப்பும் ஆளை இழுக்காது. டீயே குடிக்காதவர்கள்கூட அதற்காக வருவார்கள், மோர் குடிக்கட்டும்.

சிக்கல் இல்லாமல் இல்லை. இரண்டு டீக்கும் சர்க்கரை, கூடவே பஜ்ஜி என்று போனால் நடந்ததற்கு அர்த்தமில்லை, சர்க்கரை கம்மி என்று முதல் நாளே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள். அதைவிடப் பெரிய ஆபத்து கடை வாசலில் தொங்குகிற சிகரெட் லைட்டர். கூட்டத்தில் ஒருவர் பற்ற வைத்தால் இன்னும் இருவர் சேர்ந்துகொள்வார்கள், இதயத்துக்கு அது நடை தருவதைவிட அதிகமாகப் பறிக்கும், அதனால் பீடி சிகரெட் விற்காத கடையாகப் பார்ப்பது நல்லது. மேனேஜர் முறைப்பார் என்றால் அவரையும் கூட்டிப்போங்கள், பெரும்பாலும் அவருக்குத்தான் நடை அதிகம் தேவைப்படும்.

வேலூர் வெயில் தெரிந்ததுதான், கத்திரியில் 40 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த வாரங்களில் காலை டீயை மட்டும் வெளியே வைத்துக்கொண்டு, மாலை டீக்குப் பதில் வராண்டாவிலும் மாடிப்படியிலும் நடக்கலாம். ஆம்பூர் பிரியாணி வருகிற மதியத்துக்கும் அதே வராண்டாதான், சாப்பிட்டதும் பத்து நிமிடம் மெதுவாக நடந்தால் ரத்தத்தில் சர்க்கரை எகிறுவது மட்டுப்படும். நடக்கும்போது யாருக்காவது நெஞ்சு இறுகினாலோ, கை, தாடைப் பக்கம் வலி பரவினாலோ, "கேஸ்தான்" என்று சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கடத்தாமல் அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.