இரட்டை கார்ப் வண்டியில் மைலேஜ்: மெயின் ஜெட்டை விட்டுவிடுங்கள்

வண்டியின் கார்ப் (பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்குக் கொடுக்கும் கார்புரேட்டர்) இரண்டையும் சரி பண்ணினால் மைலேஜ் ஏறுமா என்று நண்பர் ஒருவர் கேட்டிருந்தார். ஏறும். லிட்டருக்கு 25 கொடுக்க வேண்டிய வண்டி 20 கொடுக்கிறது, காரணமும் கார்ப்தான் என்றால், போன ஐந்தைத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் இந்த 500 சிசி இரட்டை சிலிண்டர் வண்டியோடு இத்தனை வருடம் குப்பை கொட்டியும் ஒரு எரிச்சல் தீரவில்லை. மைலேஜைத் தின்னும் பாகம் கை எட்டாத இடத்தில் இருக்கிறது. கை எட்டும் திருகில் எதைத் திருகினாலும் மைலேஜ் ஏறாது. ஐடில் திருகை (நின்றபடி ஓடும் எஞ்சினின் வேகத்தை வைக்கும் திருகு) ரெண்டு சுற்று சுற்றிவிட்டு "ட்யூனிங் ஆயிடுச்சு" என்று சாவியை நீட்டுவது ஊருக்கு ஊர் நடக்கும் கூத்து.

அடுத்த கூத்து மெயின் ஜெட். ஜெட் என்பது பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சின்னப் பித்தளைத் துண்டு. சின்ன ஜெட் போட்டால் பெட்ரோல் மிச்சம் என்பார்கள். மெயின் ஜெட் பேச ஆரம்பிப்பதே முக்கால் த்ராட்டிலுக்கு (ஆக்ஸிலேட்டரை முக்கால்வாசி முறுக்கியதற்கு) மேல்தான். அன்றாட ஓட்டம் முழுக்க கால் த்ராட்டிலைச் சுற்றியே நடக்கிறது. அங்கே பெட்ரோலை அளந்து கொடுப்பவை பைலட் ஜெட்டும் (குறைந்த த்ராட்டிலுக்கான சின்ன ஜெட்), நீடிலும் (நுனி மெலிந்த ஊசி), அந்த நீடில் ஏறி இறங்கும் நீடில் ஜெட்டும். சின்ன மெயின் ஜெட் போட்டால் மைலேஜ் அப்படியே இருக்கும். முழு த்ராட்டிலில் மட்டும் கலவை லீன் ஆகி, அதாவது பெட்ரோல் குறைந்து, வால்வும் பிஸ்டனும் சூடேறும்.

சிவி கார்பில் (எஞ்சினின் வேக்குவமே ஸ்லைடைத் தூக்கும் வகை) நீடிலைத் தாங்கி ஏறி இறங்கும் ஸ்லைடு ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கும். நீடிலும் கூடவே ஆடி, பித்தளை நீடில் ஜெட்டின் ஒரு பக்கத்தை உரசி உரசி வட்டத் துளையை முட்டை வடிவமாக்கிவிடும். ஒரு உதாரணக் கணக்கு: ஜெட் துளை 2.60 மிமீ, நீடிலின் நேர்ப்பகுதி 2.50 மிமீ என்றால், நடுவில் பெட்ரோல் வரும் வளையத்தின் பரப்பு சுமார் 0.40 சதுர மிமீ. துளை வெறும் 0.02 மிமீ அகன்றாலே அது 0.48 ஆகிறது. அதாவது ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். 1.25 மிமீ மெயின் ஜெட்டின் துளைப் பரப்போ 1.2 சதுர மிமீக்கு மேல். அதைக் கொஞ்சம் சுருக்கினால் கால் த்ராட்டிலில் என்ன மாறிவிடப் போகிறது?

இந்தத் தேய்மானம் சாதாரணப் பார்வைக்குத் தெரியாது. ஜெட்டைக் கழற்றி வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்து, லென்ஸ் வைத்துப் பாருங்கள். துளையின் ஒரு ஓரம் மட்டும் பளபளவென்று இழுபட்டிருக்கும். நீடிலிலும் அதே உயரத்தில் மேல்பூச்சு போய் ஒரு கோடு விழுந்திருக்கும். இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். புது ஜெட்டில் பழைய நீடில் வேண்டாம். ரிப்பேர் கிட்டில் வரும் பித்தளை ஜெட்டுகளையும் நீடிலையும் கண்ணை மூடிக்கொண்டு போடாதீர்கள். நீடிலின் தலையில் பொறித்த எழுத்து பழையதோடு பொருந்துகிறதா, தடிமன் ஒன்றா என்று மைக்ரோமீட்டரில் பார்த்துவிட்டுப் போடுங்கள். பொருந்தாவிட்டால் கிட்டில் ஓ-ரிங்கும் கேஸ்கெட்டும் மட்டுமே உதவும்.

கார்பைக் கழற்றும் முன் பார்க்க வேண்டியவை சில உண்டு. சக்கரத்தைத் தூக்கிச் சுற்றி, பிரேக் பிடித்தபடி இருக்கிறதா என்று பாருங்கள். ஏர் ஃபில்டர், டயர் காற்று, செயின், பிளக் எல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சோக் (குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பக் கூடுதல் பெட்ரோல் விடும் அமைப்பு) கேபிள் கொஞ்சமாவது லூஸாக இருக்க வேண்டும். இழுத்தபடி இருந்தால், அல்லது சோக் வழியை அடைக்கும் பிளஞ்சரின் நுனி ரப்பரில் பள்ளம் விழுந்திருந்தால், நாள் முழுக்க அரைச் சோக்கில் ஓட்டுவதற்குச் சமம்.

இரண்டு பிளக்கில் ஒன்று மட்டும் கரி பிடித்துக் கறுத்திருந்தால் முதல் சந்தேகம் வேக்குவம் பெட்ரோல் டேப் (எஞ்சின் உறிஞ்சும்போது மட்டும் திறக்கும் டேப்) மேல் போக வேண்டும். டேப்புக்குள் இருக்கும் டயஃப்ரம் (மெல்லிய ரப்பர் தகடு) கிழிந்தால், வேக்குவம் ட்யூப் வழியாகவே பெட்ரோல் அந்த ஒரு சிலிண்டருக்குள் உறிஞ்சப்படும். டேப் பக்கம் ட்யூபைப் பிடுங்கிப் பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் கார்பைத் தொடவே வேண்டாம், டேப்பை மாற்றினால் போதும்.

பிறகு ஃப்ளோட் மட்டம், அதாவது கார்ப் கிண்ணத்துக்குள் மிதவை நிறுத்தி வைக்கும் பெட்ரோல் மட்டம். மட்டம் ஏறினால் எல்லா த்ராட்டிலிலும் கலவை ரிச் ஆகும் (பெட்ரோல் கூடும்). கழற்றாமலே பார்க்கலாம்: கிண்ணத்தின் அடியிலுள்ள வடிகுழாயில் உள்ளே தெரியும் பிளாஸ்டிக் ட்யூபை மாட்டி, மறுமுனையைக் கார்ப் உடலோடு ஒட்டி மேலே பிடித்து, டிரெய்ன் திருகைத் திறந்தால் உள்ளே உள்ள மட்டம் ட்யூபில் தெரியும். மேனுவல் சொல்லும் கோட்டோடு இரண்டு கார்பும் ஒத்துப்போக வேண்டும். கழற்றி அளக்கும்போது கார்பை முழுதாகக் கவிழ்த்தால் ஃப்ளோட்டின் எடை நீடில் வால்வின் (கிண்ணத்துக்குள் பெட்ரோல் வரும் வழியை அடைப்பது; மேலே சொன்ன நீடில் வேறு) ஸ்பிரிங் பின்னை அமுக்கி, அளவு தப்பாகும். சாய்த்துப் பிடித்து, ஃப்ளோட்டின் நாக்கு பின்னைத் தொட்டும் தொடாத இடத்தில் அளக்க வேண்டும். புது நீடில் வால்வு போட்டும் மட்டம் ஏறினால், அதன் சீட்டைச் சுற்றியுள்ள ஓ-ரிங் கெட்டித்துப்போய் பெட்ரோல் பக்கவாட்டில் கசிகிறது.

அடுத்து, குறைந்த த்ராட்டிலில் கலவையை மாற்றும் பைலட் திருகு. அது பெரும்பாலும் எஞ்சின் பக்கம், ஒரு மூடிக்குப் பின்னால் இருக்கும். மூடியில் சின்னத் துளை போட்டு, ஸ்க்ரூ ஏற்றி இழுத்தால் வந்துவிடும். ட்ரில் சற்று ஆழமாகப் போனாலும் திருகின் தலை போச்சு. கழற்றும் முன் மெதுவாக உள்ளே முட்டும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதி வையுங்கள். முறுக்கி இறுக்கினால் ஊசிமுனை உடைந்து உள்ளேயே சிக்கும். திருகில் முதலில் ஸ்பிரிங், அடுத்து வாஷர், கடைசியில் ஓ-ரிங். கடுகளவு ஓ-ரிங் துளைக்குள்ளேயே ஒட்டிக்கொண்டு நிற்கும். வளைத்த மெல்லிய கம்பியால்தான் வெளியே எடுக்க முடியும். பல வண்டிகளில் 2 முதல் 2.5 சுற்று வெளியே என்பது ஆரம்ப நிலை. எஞ்சின் சூடான பின் கால் கால் சுற்றாக மாற்றுங்கள். உள்ளே போனால் லீன். மைலேஜ் ஆசையில் அதிகம் உள்ளே போனால் சீரான வேகத்தில் வண்டி இழுத்து இழுத்து ஓடும், த்ராட்டிலை விட்டால் சைலன்சரில் பட்பட் சத்தம் வரும், கை தானாக இன்னும் முறுக்கும். மிச்சம் பிடித்த பெட்ரோல் அங்கேயே போய்விடும். காற்றும் பெட்ரோலும் 14.7-க்கு 1 என்பதிலிருந்து சற்றே லீன் ஆன 15.5 வரைதான் லாபம் கண்ணில் தெரியும்.

கடைசியில் சிங்க் பண்ண வேண்டும், அதாவது இரண்டு கார்பும் ஒரே அளவு திறக்கும்படி வைக்க வேண்டும், அதுவும் வால்வு கிளியரன்ஸ் சரிபார்த்த பிறகு. இரண்டு கார்பின் வேக்குவம் வித்தியாசம் 2 செ.மீ. பாதரசத்துக்குள் இருந்தால் ஓடும்; சமமாகவே வைக்க முயலுங்கள். உள்ளே தெரியும் நீண்ட பிளாஸ்டிக் ட்யூபை யூ வடிவில் வளைத்து, டூ ஸ்ட்ரோக் ஆயில் ஊற்றி, இரு முனையையும் இரண்டு கார்பின் வேக்குவம் குழாயில் மாட்டினால் கேஜ் தயார். எண்ணெய் உள்ளே உறிஞ்சப்பட்டாலும் புகையோடு போய்விடும். சிங்கால் மைலேஜ் பெரிதாக ஏறாது என்பதை நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். ஆனால் ஹேண்டில்பாரில் இருந்த அந்த நமைச்சல் சட்டென்று நின்றுபோவதும், தாழ்ந்த வேகத்திலேயே வண்டி பட்டுப்போல் கிளம்புவதும் தனிச் சுகம்.

அந்தச் சுகத்துக்கான விலை, கார்ப் ஜோடியை ஏர்பாக்ஸ் (ஏர் ஃபில்டர் இருக்கும் பெட்டி) ரப்பருக்குள் திரும்ப நுழைப்பது. ஃப்ரேமுக்குள் விரல் போக இடமில்லை. ஏர்பாக்ஸ் போல்ட்டைக் கழற்றிப் பின்னால் தள்ளி, ரப்பரை ஹேர் ட்ரையரில் சூடாக்கினால்தான் ஏறும். ஏறியபின் டார்ச் அடித்து ரப்பரின் உதட்டைச் சுற்றிலும் பாருங்கள். அடிப்பக்கம் ஒரு இடத்தில் உள்ளே மடிந்திருந்தால் வடிகட்டாத காற்று தூசியோடு அப்படியே உள்ளே போகும். செய்த ட்யூனிங் எல்லாம் வீண். மறுபடி முதலிலிருந்து.

சரியாக அமைந்த இரட்டை கார்பின் த்ராட்டில் மென்மை பல இஞ்செக்‌ஷன் வண்டிகளில் கிடையாது. மைலேஜும் குறை சொல்லும்படி இல்லை. இருந்தாலும் நண்பரே, இனிமேல்தான் வண்டி வாங்கப் போகிறீர்கள் என்றால் இது வேண்டாம், இஞ்செக்‌ஷன் வண்டியாகப் பாருங்கள். ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தால் நீடிலும் நீடில் ஜெட்டும் இரண்டு கார்புக்கும் சேர்த்து வாங்குங்கள், பழையதைக் கழற்றும் அன்றே ஏர்பாக்ஸ் ரப்பரையும் மாற்றுங்கள். ஒரே பெட்ரோல் பங்க்கில், நடு ஸ்டாண்டில் நிறுத்தி, ஃபுல் டேங்கிலிருந்து ஃபுல் டேங்க் என்று நாலைந்து முறை கணக்குப் போட்ட பிறகு மைலேஜ் பற்றிப் பேசுங்கள். பெட்ரோலில் 10 சதவீதம் எத்தனால் இருந்தால் சுமார் 3 சதவீத ஆற்றல் குறையும். அதற்கும் கார்பைத் திட்ட வேண்டாம்.