முளைக்கும் விதையில் யார் கை ஓங்குகிறது: ஜிப்ரெல்லினா, சைட்டோகைனினா?

தக்காளி விதையை ஈரத்துணியில் முடிந்து வைத்தால் சில நாளில் வெள்ளையாக ஒரு முனை எட்டிப் பார்க்கும். செல்கள் பிரிந்து பெருகுவதால்தான் அது வெளியே வருகிறது என்று நானும் வெகுநாள் நம்பியிருந்தேன். ஆனால் முளைவேர் விதையுறையைக் கிழிப்பது பெரும்பாலும் ஏற்கெனவே இருக்கும் செல்கள் தண்ணீரை இழுத்து நீள்வதால்தான். காமா கதிரால் செல் பகுப்பை முடக்கிய கோதுமை விதைகள்கூட முளைத்திருக்கின்றன. ஜிப்ரெல்லின், சைட்டோகைனின் என்ற இரண்டு தாவர ஹார்மோன்களில் எது பெரிது என்று பேசும் முன் இது தெரிந்திருக்க வேண்டும். விதையைத் திறப்பது ஒரு வேலை, திறந்த பிறகு செல்களைப் பெருக்குவது இன்னொரு வேலை.

இந்த இரண்டு வேலைகளுக்கும் எதிராளி ஒன்றே: அப்சிசிக் அமிலம் என்ற இன்னொரு ஹார்மோன். செல் பிரியும் சுழற்சியை ஓட்டும் நொதிகளைக் கட்டிப்போடும் புரதத்தை இது கூட்டுகிறது. இதைத் தயாரிக்க முடியாத மக்காச்சோள ரகங்களில் மணிகள் கதிரிலேயே முளைத்துவிடும்.

முதலில் ஜிப்ரெல்லின். தைவானில் நெல் நாற்றுகள் ஒல்லியாக உயர்ந்து சாய்ந்த நோயை ஆராய்ந்த குரோசாவா என்ற ஆய்வாளர், பூஞ்சை சுரக்கும் ஒரு பொருளே அதற்குக் காரணம் என்று 1926ல் காட்டினார். அந்தப் பொருள்தான் பிறகு ஜிப்ரெல்லின் என்று பெயர் பெற்றது. அதைத் தயாரிக்க முடியாத தக்காளி விதை வெறும் தண்ணீரில் முளைக்காது, முளைவேர் நுனிச் செல்கள் டிஎன்ஏவை இரட்டிப்பாக்கவும் தொடங்காது. வெளியிலிருந்து ஜிப்ரெல்லின் கொடுத்தால் இரண்டும் நடக்கும். அதே விதையில் முளைவேர் நுனியை மூடியிருக்கும் திசுவை மட்டும் நீக்கினாலும் வேர் வந்துவிடும். அந்த மூடியை இளக்குவது இதன் முக்கிய வேலை என்பது இதிலிருந்து தெரிகிறது.

சைட்டோகைனினின் பெயரிலேயே செல் பகுப்பு இருக்கிறது (சைட்டோகைனசிஸ் என்றால் செல் இரண்டாகப் பிரிவது). 1955ல் ஸ்கூக், மில்லர் குழுவினர் ஹெர்ரிங் மீனின் விந்தணு டிஎன்ஏவிலிருந்து கைனெட்டின் என்ற சைட்டோகைனினைப் பிரித்தெடுத்தார்கள். நம் இளநீரிலும் சியாட்டின் என்ற சைட்டோகைனின் உண்டு. திசு வளர்ப்புக் கூடங்களில் தேங்காய்த் தண்ணீர் சேர்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம். அடங்கிக் கிடக்கும் செல்லில் சைக்ளின்-டி புரதத்தைக் கூட்டி, பிரியும் பாதைக்கு அதைத் தள்ளிவிடுவது இதன் வேலை. முளைப்பில் இதன் பங்கு வேறு. ஜிப்ரெல்லினே முதன்மை, அப்சிசிக் அமிலத்தின் தடையை விலக்கி அதற்கு வழிவிடுவதே சைட்டோகைனின் என்று 1971ல் கான் என்ற ஆய்வாளர் எழுதினார். கடும் வெப்பத்தில் முளைக்க மறுக்கும் லெட்டூஸ் விதை கைனெட்டின் கொடுத்தால் முளைப்பது இந்தக் கருத்தோடு ஒத்துப்போகிறது.

எனக்குப் பெரிய வியப்பு வேரில்தான். கூடுதலாகச் சைட்டோகைனின் கிடைத்தால் வேர் குட்டையாகிவிடும். நுனியில் பிரிந்துகொண்டிருக்கும் செல்களை அது சீக்கிரமே முதிர வைத்து, பிரியும் பகுதியைச் சுருக்கிவிடுகிறது. ஜிப்ரெல்லினோ செல் பெருக்கத்தை அடக்கும் டெல்லா புரதங்களை அழித்து, அந்தப் பகுதியை நீட்டுகிறது. அரபிடாப்சிஸ் என்ற சிறு செடியில் இந்த இரண்டையும் தெளிவாகப் பார்த்திருக்கிறார்கள். ஆக, முளைவிடும் வேரைப் பொறுத்தவரை செல் பகுப்புக்குப் பேர்போன ஹார்மோனைவிட நீளச் செய்வதற்குப் பேர்போன ஹார்மோனே பகுப்புக்கு அதிகம் உதவுகிறது. பாடப்புத்தகத்தில் இரண்டுக்கும் ஒவ்வொரு வரியில் வேலை பிரித்துக் கொடுப்பது எனக்கு ஒப்பவில்லை.

சரி, நாற்றங்காலுக்கு எது? பப்பாளி போல முளைக்கத் தாமதிக்கும் விதைக்கு ஜிப்ரெல்லின் ஊறல்தான் என் தேர்வு. அளவு மிஞ்சினால் நாற்று அந்த நோய் கண்ட நெல்லைப் போல ஒல்லியாக நெட்டையாகிவிடும், அதனால் பொட்டலத்தில் சொன்ன அளவைத் தாண்டவே கூடாது. வெப்பத்தால் அடங்கிப்போன விதைக்குக் கைனெட்டின் பொருந்தும். உறக்கமே இல்லாத நல்ல தக்காளி விதைக்கு இரண்டும் வேண்டாம், தண்ணீரில் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் போதும்.