கிரீஸ் டிராப் என்ற பெயரில் வெறும் பெட்டியை விற்கிறார்கள்: பணம் கொடுக்கும் முன் மூடியைத் திறந்து பாருங்கள்

இரண்டு தொட்டி சிங்க் உள்ள ஒரு சிறு உணவகத்துக்கு, "நூறு லிட்டர் கிரீஸ் டிராப்" (கழிவுநீரிலிருந்து கொழுப்பைப் பிரித்துப் பிடித்து வைக்கும் தொட்டி) என்று சொல்லி ஒரு ஸ்டீல் பெட்டியைப் பொருத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். சில வாரங்களிலேயே வெளிக்குழாய் கொழுப்பால் அடைத்து, கழிவுநீர் சமையலறைத் தரையில் ஏறிவிட்டது. விற்றவரைக் கேட்டால், "நீங்கள் எண்ணெய் அதிகம் ஊற்றுகிறீர்கள்" என்கிறார். மூடியைத் திறந்தால் குறை முழுக்கப் பெட்டியில்தான் இருக்கிறது.

முதலில் கொள்ளளவு. பெட்டியின் உள்ளளவு 60 × 40 × 40 செ.மீ., அதாவது 96 லிட்டர். ஆனால் வெளியேறும் குழாய் அடியிலிருந்து 28 செ.மீ. உயரத்திலேயே இருக்கிறது. தண்ணீர் அதற்கு மேல் நிற்காது என்பதால் உண்மையில் வேலை செய்வது 67 லிட்டர்தான். விற்பவர் எப்போதும் மொத்தப் பெட்டியின் கணக்கைச் சொல்வார். நீங்கள் நீர்மட்டம் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள்.

அதைவிடப் பெரிய அநியாயம் உள்ளே. நீரின் வேகத்தைத் தணிக்கும் தடுப்புத் தகடே இல்லை. வெளியேறும் வழி பக்கச் சுவரில் போட்ட வெறும் ஓட்டை. கொழுப்பு மேலே மிதக்கும், எனவே அந்த ஓட்டை வழியே முதலில் போவதே கொழுப்புதான். சரியான டிராப்பில் வெளிக்குழாய் உள்ளே கீழ்நோக்கி இறங்கி, அடியில் தங்கும் மண்டிக்குச் சற்று மேலே இருந்து தெளிந்த நீரை எடுக்கும். இது இல்லாத பெட்டி எந்த விலைக்குக் கிடைத்தாலும் வேண்டாம்.

அளவைத் தீர்மானிக்க அந்த விற்பனையாளர் கேட்டது, "எத்தனை பேர் உட்காருவார்கள்?" என்பது மட்டும். சிங்குக்கு அடியில் வைக்கும் டிராப்புக்குப் பார்க்க வேண்டியது சிங்க்கை. தொட்டி ஒன்று 60 × 45 × 30 செ.மீ. என்றால் 81 லிட்டர். இரண்டும் சேர்ந்து 162. பாத்திரங்கள் இடம் பிடிப்பதால் அதில் முக்கால் பங்கு, சுமார் 122 லிட்டர். இது ஒரு நிமிடத்தில் வடிந்தால் நிமிடத்துக்கு 122 லிட்டர் தாங்கும் டிராப் வேண்டும். இரண்டு நிமிடத்தில் வடிய விட்டால் 61 போதும். அப்போது நிமிடத்துக்கு 75 லிட்டர் தாங்கும் வகையை எடுக்கலாம். அந்த வகை குறைந்தது 18 கிலோ கொழுப்பைப் பிடித்து வைக்க வேண்டும். இரண்டு எண்களையும் எழுத்தில் வாங்குங்கள்.

ஆனால் மெதுவாக வடிய வேண்டுமானால் டிராப்புக்கு முன்னால், நீர் பாயும் வேகத்தைக் குறைக்கும் ஓட்டக் கட்டுப்பாடு இருக்க வேண்டும். இதைத்தான் பலர் "தேவையில்லை" என்று விட்டுவிடுகிறார்கள். அது இல்லாவிட்டால் அடைப்பானை எடுத்ததும் தண்ணீர் சீறிப் பாய்ந்து, பிரிந்து மிதக்கும் கொழுப்பைக் கலக்கி வெளியே தள்ளும்.

பாத்திரம் கழுவும் இயந்திரத்தையும் இதே சிறு டிராப்பில் இணைத்திருந்தார்கள். சுடுநீரும் சோப்பும் கொழுப்பைக் கரைத்துக் கடத்திவிடும். குளிர்ந்ததும் அது தூரத்துக் குழாயில் போய் உறையும். அடைப்புக்கு மருந்து என்று பிறகு விற்ற என்சைம் பொடியும் இதே போலத்தான்: கொழுப்பு கண்ணிலிருந்து மறையும், குழாயிலிருந்து மறையாது.

சுத்தம் செய்ய வந்த ஆள் மேலே மிதந்ததை மட்டும் அள்ளிவிட்டு, அடி மண்டியைத் தொடவில்லை. மிதக்கும் கொழுப்பும் மண்டியும் சேர்ந்து நீர் ஆழத்தில் கால் பங்கை எட்டும் முன்பே இரண்டையும் எடுக்க வேண்டும். 28 செ.மீ. ஆழத்துக்கு அது 7 செ.மீ.; ஒரு குச்சியை இறக்கிப் பார்த்தாலே தெரியும். தகட்டையும் சுரண்டி, மூடியின் கேஸ்கெட்டை (கசிவைத் தடுக்கும் ரப்பர் பட்டையை)த் துடைத்து, பிறகு நல்ல தண்ணீரை நீர்மட்டம் வரை நிரப்பிய பின்பே சிங்க்கைத் திறக்க வேண்டும். காலித் தொட்டியில் விட்டால் முதல் எண்ணெய் அடிவழியாக நேரே வெளியேறிவிடும்.

பொருத்தும் நாளில் இன்னொன்று: மூடியை முழுதாகத் தூக்கவும் தகட்டை வெளியே எடுக்கவும் மேலே இடம் இருக்கிறதா என்று பாருங்கள். அந்த உணவகத்தில் சிங்க்கின் கால்களைக் கழற்றாமல் மூடி திறக்கவில்லை.