பேர் வெட்ட மோட்டாரா, காயிலா?

செங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சீர்ப் பாத்திரங்களுக்குப் பேர் வெட்ட நானே ரெண்டு விதமாகக் கருவி செய்து பார்த்தேன். முதலாவது 12 வோல்ட் டிசி மோட்டார், தண்டில் பிட்டைக் கவ்விப் பிடிக்க ஒரு குட்டி சக், நுனியில் வைரப்பொடி பிட். கண்ணாடி, மரம், சிரட்டை எல்லாவற்றிலும் ஓடும், ஆனால் எவர்சில்வரில் வழுக்கும். 'ஆ' போட்டால் சுழியை எங்கேயோ இழுத்துக்கொண்டு போய்விடுகிறது (அந்த வாளியில் இப்போது மாட்டுக்குத் தண்ணீர் வைக்கிறோம்).

ரெண்டாவதான காயில் (கம்பிச் சுருள்) பேனா வேறு ரகம். பேட்டரியின் ஒரு முனை காயில் வழியாக ஊசிக்கு, இன்னொன்று கிளிப் போட்டுப் பாத்திரத்துக்கு. ஊசி பட்டதும் மின்சாரம் பாய்ந்து காயில் காந்தமாகி ஊசியை மேலே இழுக்கும், இணைப்பு அறும்போது பொறி பறந்து ஒரு புள்ளி கருகும், ஸ்பிரிங் மறுபடி கீழே தள்ளும், இப்படியே விர்ரென்று ஓடிக்கொண்டிருக்கும். அழுத்தவே வேண்டாம், எழுதுவது போலக் கை போகும். மின்சாரம் கடத்தாத பொருளில் செல்லாது, காயிலும் சீக்கிரம் சூடாகும், ஆறவிட்டு ஆறவிட்டுத்தான் வெட்ட வேண்டும். அப்புறம், வீட்டு 230 வோல்ட் லைனை இதற்குக் கொடுத்துவிடாதீர்கள், பாத்திரமே ஷாக் அடிக்கும்.

எவர்சில்வருக்கு என் ஓட்டு காயிலுக்குத்தான். மோட்டாரை ஆரியங்காவு மாமா சிரட்டை வேலைக்கு எடுத்துக்கொண்டு போய்விட்டார். எதைச் செய்தாலும் கண்ணுக்குக் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.