சோமர்வெல்லா, பகோனிஸா?
அமெரிக்க ராணுவத்தில் சப்ளை வேலை பார்த்தே உச்சிக்குப் போனவர்கள் என்றால் எனக்கு இந்த இரண்டு பேர்தான். பிரெஹன் சோமர்வெல் 1914-ல் வெஸ்ட் பாயிண்ட் ராணுவ அகாடமியில் படித்து முடித்த பொறியாளர். பென்டகன் கட்டடத்தை 1941 செப்டம்பரில் ஆரம்பித்து சுமார் 16 மாதத்தில் எழுப்ப வைத்த அவசரக்காரர், 1942-லிருந்து இரண்டாம் உலகப்போர் முடியும்வரை மொத்த ராணுவத்துக்கும் தளவாடம் அனுப்பிய பிரிவின் தலைவர். நான்கு நட்சத்திர ஜெனரல். ஆனால் பெரும்பாலும் வாஷிங்டன் மேஜைதான்.

கஸ் பகோனிஸ் வேறு ரகம். வெஸ்ட் பாயிண்ட் கிடையாது, பென் ஸ்டேட் பல்கலைக்கழகம். வளைகுடாப் போர் நெருங்கிய 1990 ஆகஸ்டில் சின்னக் குழுவோடு சவூதியில் இறங்கினார், அப்புறம் வந்து குவிந்த 5 லட்சத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கப் படையினருக்குச் சோறு, தண்ணீர், டீசல் எல்லாம் அவர் தலையில். தரைப்போருக்கு முன் இரண்டு கோர்களை (பல டிவிஷன்கள் சேர்ந்த பெரும்படைகள்) சத்தமில்லாமல் மேற்கே நகர்த்தினார்களே, பாலைவனத்தில் அதற்கான லாரி ஓட்டமும் அவர் பொறுப்புதான். கீழே இருப்பவர்கள் சின்ன அட்டையில் நாலு வரி எழுதி அனுப்பினால் போதும், பதில் வந்துவிடும் (நம் அலுவலகங்களில் நடக்குமா?).

பதவி உயரம்தான் கணக்கு என்றால் சோமர்வெல். என் ஓட்டு பகோனிஸுக்கு, மூன்றாவது நட்சத்திரத்தைக் களத்திலேயே வாங்கியவர். 1993-ல் ஓய்வு பெற்று நேராக சியர்ஸ் கடைகளின் சரக்குப் போக்குவரத்தைப் பார்க்கப் போனார்.