சுங்கை சிப்புட்டில் மின்தூண்டல் சைக்கிள்: போகலாமா?

தண்டுவடத்தில் அடிபட்டு வீல்சேரில் இருப்பவர்களுக்கும் அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இதை எழுதுகிறேன். நானும் வீல்சேர்தான். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்து மண்சாலையில் லோரி கவிழ்ந்து முதுகெலும்பு உடைந்தது. டாக்டர்கள் டி8 என்று எழுதினார்கள், மார்புப் பகுதி முதுகெலும்பில் எட்டாவது. தொப்புளுக்குக் கொஞ்சம் மேலேயே உணர்ச்சி நின்றுவிடும், கீழே ஒன்றும் தெரியாது.

நம் ஊர்ச் சந்தைக்குப் பின்னால் உள்ள கடைவரிசையில் சின்ன பிசியோதெரபி மையம் ஒன்று இருக்கிறது. அங்கே மின்தூண்டல் சைக்கிள், அதாவது தசைக்குக் கரண்டு கொடுத்துக் காலைப் பெடல் சுற்ற வைக்கும் மெஷின், வந்த நாளிலிருந்து போய்க்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் போன் போட்டு ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "அண்ணே, கரண்டு வைத்தால் நடந்துவிடலாமா?" இந்தச் சைக்கிளால் நடக்க முடியாது. ஆனாலும் போங்கள் என்றுதான் சொல்வேன்.

அங்கே எனக்குப் பிடித்த முதல் விஷயம், எடுத்த எடுப்பில் சைக்கிளில் ஏற்றவில்லை. பிசியோ மிஸ் சின்ன வயசுப் பெண், நம் தோட்டத்துப் பக்கத்துப் பிள்ளைதான். தொடையில் கரண்டு பாயும் இரண்டு பேட் ஒட்டி, கரண்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிப் பார்த்தார். மூளையிலிருந்து தசைக்குப் போகும் வழி இரண்டு கட்டமாக இருக்கிறதாம். மூளையிலிருந்து தண்டுவடம் வரை ஒன்று, தண்டுவடத்திலிருந்து தசை வரை இன்னொன்று. அடிபட்டது முதல் கட்டத்தில் என்றால் இரண்டாவது நரம்பு உயிரோடுதான் இருக்கும், கரண்டு வைத்தால் தசை இறுகும். எனக்குக் கால் அடிக்கடி வெட்டி வெட்டி இழுக்கும். அதை நான் வெறும் தொல்லையாக நினைத்திருந்தேன். நரம்பு வேலை செய்வதற்கு அதுவே அடையாளம் என்று விளக்கினார்.

இடுப்புக்குப் பக்கத்தில் அடிபட்டு, கால் துணிபோலத் துவண்டு போன ஒரு பையனை அவன் அம்மா கூட்டி வந்திருந்தார். பேட் ஒட்டி எவ்வளவு கூட்டியும் தசை அசையவில்லை. இரண்டாவது நரம்பே போய்விட்டது, இந்தச் சைக்கிள் உங்கள் மகனுக்கு உதவாது என்று மிஸ் அங்கேயே சொல்லிவிட்டார். பேக்கேஜுக்குப் பணம் கட்டச் சொல்லவில்லை. கை பலத்துக்கும் வீல்சேரிலிருந்து கட்டிலுக்கு மாறவும் பயிற்சி எழுதிக் கொடுத்தார். அந்த அம்மா அழுதார். ஆனால் ஏமாறவில்லை. பல பேர் நம்பிக்கையை விற்றே பிழைக்கும் இந்தத் தொழிலில் நான் மதிப்பெண் போடுவதென்றால் இதற்குத்தான் முழுசாகப் போடுவேன்.

சைக்கிள் என்றால் நடுவீட்டில் நிற்கும் உடற்பயிற்சி சைக்கிள் மாதிரி சீட்டு கிடையாது. வீல்சேரிலேயே உட்கார்ந்திருக்கலாம். பாதத்தையும் கெண்டைக்காலையும் பெடலில் பட்டை போட்டுக் கட்டுவார்கள். முன்தொடை, பின்தொடை, பிட்டம் என்று இரண்டு பக்கமும் ஜோடி ஜோடியாகப் பேட் ஒட்டுவார்கள். முதலில் மோட்டார் காலைச் சும்மா சுற்றிவிடும். அப்புறம் கரண்டு ஏறும். எனக்கு 90 மில்லியாம்பியரைத் தாண்டினால்தான் தொடை நன்றாக இறுகுகிறது. என் காலில் எனக்கு ஒன்றும் தெரியாது, கண்ணால்தான் பார்க்கிறேன். வற்றிப்போன தொடையில் தோலுக்கு அடியில் ஒரு மேடு எழுந்து, பெடலைத் தள்ளி, அடங்குகிறது. அடுத்த கணம் மறு கால். விபத்துக்குப் பிறகு என் கால் தன் பலத்தில் எதையாவது தள்ளியது அப்போதுதான். மனைவி பக்கத்தில் நின்று தொட்டுப் பார்த்து, "கல்லு மாதிரி இருக்குங்க" என்றாள்.

சீக்கிரம் களைத்துவிடும், அதற்குப் பயப்பட வேண்டாம். நாமே காலை அசைக்கும்போது உடம்பு தசை நார்களை மாற்றி மாற்றி வேலை வாங்கும், களைக்காத நார்களை முதலில் கூப்பிடும். கரண்டுக்கு அந்தப் பக்குவம் கிடையாது. அதே நார்களை ஒரே நேரத்தில் சுண்டிக்கொண்டே இருக்கும். தசை சோர்ந்ததும் மோட்டார் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

பலன் என்ன? தொடை பருத்திருக்கிறது, பழைய கால்சட்டை இறுக்கம். கால் வெட்டி இழுப்பது, போய்வந்த அன்று இரவு குறைகிறது, தூக்கம் வருகிறது. இப்படிப்பட்ட பயிற்சியால் தசை வளரும் என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. எலும்பு கெட்டியாகும் என்பதை அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாது என்று மிஸ்ஸே சொன்னார். நம் நாட்டிலேயே மலாயா பல்கலைக்கழகத்தில் இந்தச் சைக்கிளை வைத்துப் பல ஆராய்ச்சிகள் செய்திருக்கிறார்கள். நாள் கணக்கில் போகாமல் விட்டால் தசை மறுபடி வற்றும். ஆகவே தொடர்ந்து போக முடிந்தவர்கள் மட்டும் ஆரம்பியுங்கள்.

இனி வாட்ஸ்அப் வீடியோக்கள். படுத்த படுக்கையாக இருந்தவர் கரண்டில் எழுந்து நடக்கிறார் என்று எல்லோருக்கும் வந்திருக்கும். அவை பொய் இல்லை, ஆனால் அது வேறு சிகிச்சை. அங்கே கரண்டு வைப்பது தசைக்கு இல்லை, தண்டுவடத்துக்கே. அமெரிக்காவில் லூயிவில் ஆராய்ச்சியாளர்கள், முதுகுவலிக்காகச் செய்யப்பட்ட ஒரு கருவியை ராப் சம்மர்ஸ் என்ற இளைஞரின் தண்டுவடத்துக்கு மேலே பதித்தார்கள். அவர் எழுந்து நின்றதை 2011இல் வெளியிட்டார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் குழு 2018இல் மூன்று பேரை நடக்க வைத்துக் காட்டியது. 2023இல் அதே குழு, கெர்ட்-யான் ஓஸ்காம் என்ற டச்சுக்காரருக்கு மூளையிலும் தண்டுவடத்திலும் கருவி பதித்து, நடக்க நினைக்கும் சமிக்ஞையைக் கம்பியில்லாமல் கீழே அனுப்பியது. 2011இல் விபத்தில் சிக்கிய மனிதர் அவர், ஊன்றுகோல் பிடித்து நடந்தார்.

அந்தக் கரண்டு காலுக்கு உத்தரவு போடுவதில்லை. அடிபட்ட இடத்துக்குக் கீழே தூங்கிக் கிடக்கும் நரம்புச் சுற்றுகளை எழுப்பி வைக்கிறது. மேலே இருந்து ஒழுகி வரும் மிச்சம் மீதிச் சமிக்ஞை அப்போதுதான் வேலைக்கு ஆகிறது. அறுவை சிகிச்சையோடு மாதக்கணக்கில் கடும் பயிற்சியும் வேண்டும். வீடியோவில் அந்தப் பயிற்சியைக் காட்டுவதில்லை.

அறுவை இல்லாத ஒன்றும் வந்திருக்கிறது, அது கைக்கு. கழுத்தில் அடிபட்டு, நரம்பு முழுசாக அறுபடாதவர்களுக்குக் கழுத்துத் தோலின் மேல் கரண்டு வைத்துக்கொண்டே கைப்பயிற்சி கொடுத்தார்கள். 14 மையங்களில் 60 பேரிடம் செய்த அந்த ஆய்வு 2024இல் வெளிவந்தது. கையின் பலம், செயல் இரண்டிலும் முன்னேற்றம் கண்டவர்கள் 72 சதவீதம். அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க அரசு அந்தக் கருவிக்கு அனுமதி கொடுத்தது. நம் ஊர் மையத்தில் இது கிடையாது. கிடையாது என்று அவர்களே சொல்கிறார்கள்.

இந்த வேறுபாடு தெரியாமல்தான் நம் ஆட்கள் காசை விடுகிறார்கள். என் மாமா மகன் பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) ஒரு மெஷின் வாங்கி வந்தான். உள்ளங்காலை வைத்தால் செத்த நரம்பு உயிர் பெறும் என்றானாம் விற்றவன். மிஸ் அதைப் பார்த்துவிட்டு, வலி மரக்கச் செய்யும் சாதாரண மெஷின் இது என்றார். உணர்ச்சி இல்லாத காலில் அது தோலைச் சுட்டாலும் நமக்குத் தெரியாது. தயவுசெய்து வீட்டில் வைத்து விளையாடாதீர்கள்.

கழுத்து அடிபட்ட பெரியவர் ஒருவர் எனக்கு முந்திய நேரத்துக்கு வருவார். ஒரு நாள் சைக்கிள் ஓடும்போதே தலை விண்விண் என்று வலிக்கிறது என்றார். முகம் சிவந்து நெற்றி வியர்த்தது. மிஸ் உடனே கரண்டை நிறுத்தி, அவரை நிமிர்த்தி உட்கார வைத்து, ரத்த அழுத்தம் பார்த்தார். எகிறியிருந்தது. அடுத்து மருந்தைத் தேடாமல் அவருடைய மூத்திரக் குழாயைப் பார்த்தார். தொடைக்கு அடியில் மடங்கி அடைத்திருந்தது. நிமிர்த்திவிட்டதும் பை நிறைந்தது, அழுத்தம் இறங்கியது. மூத்திரம் அடைத்தால் ரத்த அழுத்தம் இப்படி எகிறும். டி6இலோ அதற்கு மேலேயோ அடிபட்டவர்களுக்கு இது உயிருக்கே ஆபத்தாகலாம். இதைத் தெரிந்த ஆள் பக்கத்தில் இல்லாத இடத்தில் கரண்டு வைத்துக்கொள்ளவே கூடாது.

குறைகளும் உண்டு. ஐந்தடியில், அதாவது கடை முன்னால் உள்ள நடைபாதையில், வாசல்படி ஒன்று இருக்கிறது. வீல்சேர்க்காரர்களுக்கான இடத்தில் நிரந்தரச் சாய்தளம் இல்லை, பலகை எடுத்து வந்து போடுகிறார்கள். மழையில் அது வழுக்கும். கழிவறைக் கதவு குறுகல், என் வீல்சேர் நுழையாது. வீட்டிலேயே முடித்துவிட்டுப் போகிறேன். சைக்கிள் ஒன்றுதான் இருக்கிறது, மாலை நேரம் கிடைப்பது கஷ்டம். ஒரு தடவைக்கு 80 வெள்ளி (ரிங்கிட்). தோட்டத்துச் சம்பளத்தில் வாழும் குடும்பத்துக்கு அது பெரிய காசு. பேட்டுக்குத் தனிக் காசு, ஆனால் அவரவர் பேட்டைப் பெயர் எழுதி உறையில் வைக்கிறார்கள், அது நல்ல வழக்கம்.

வேலையில் அடிபட்டவர்கள் கைக்காசைப் போடும் முன் சொக்சோவில் (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு நிறுவனத்தில்) கேளுங்கள். மலாக்காவில் அவர்களுக்கே பெரிய மறுவாழ்வு மையம் இருக்கிறது. புண், எலும்பு முறிவு, இதயத்தில் பேஸ்மேக்கர் இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டையும் எக்ஸ்ரேயையும் எடுத்துப் போங்கள், அது இல்லாமல் சோதனைக்கே நேரம் கொடுக்க மாட்டார்கள். புதன்கிழமை காலையில் கூட்டம் குறைவு.